எந்தக் கருவேலம்?

போன தை மாதம் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் ஒரு வண்டிச் சக்கரத்துக்கு விலை கேட்டேன். வாங்கும் எண்ணமெல்லாம் இல்லை. அந்தத் தெருவின் பழைய சாமான் கடைகளுக்குள் நுழைந்துவிட்டால் எதையாவது தொட்டு விலை கேட்காமல் வெளியே வர முடியாது, அவ்வளவுதான். எனாமல் தூக்குவாளி, பர்மா அரக்குப் பெட்டி, யார் வீட்டுக் கல்யாணப் படமோ சட்டத்தோடு, இவற்றுக்கெல்லாம் பின்னால் சுவரில் சாய்ந்து நின்றது சக்கரம். என் நெஞ்சு உயரம் இருக்கும். இரும்புப் பட்டையைக் காணோம். “பர்மாத் தேக்கு சார். படுக்கப் போட்டு மேல கண்ணாடி வச்சா டீப்பாய். ஓட்டல்காரங்க ஜோடி ஜோடியா எடுக்கிறாங்க” என்றார் கடைக்காரர். நான் சக்கரத்தின் நடுவில் இருக்கும் குடத்தைத் தடவிப் பார்த்தேன். கறுத்த சிவப்பு. நகம் இறங்கவில்லை. லேசாக உருட்டிப் பார்க்கலாம் என்றால் நகர மாட்டேன் என்றது. “தேக்கு இல்லண்ணே, இது கருவேலம்” என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். “கருவேலமா? கோர்ட்டே வெட்டச் சொன்ன முள்ளு சார் அது. அதுல யாராவது சக்கரம் செய்வாங்களா?”

பதில் சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. கோர்ட் வெட்டச் சொன்னது சீமைக் கருவேலத்தை, இது நம்ம நாட்டுக் கருவேலம், ரெண்டும் வேற வேற மரம் என்று ஒரு நிமிடத்தில் சொல்லி முடித்திருக்கலாம். ஆனால் அதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்ற கேள்வி குறுக்கே வந்து நின்றது. ஏனென்றால் எங்கள் ஊர்க் கண்மாய்க் கரையில் நின்ற நாட்டுக் கருவேலங்களை வெட்டுவதற்குக் காசு கொடுத்தவர்களில் நானும் ஒருவன். அந்தக் கதையை இத்தனை வருடமாக எங்கும் எழுதவில்லை. சக்கரத்தைப் பார்த்ததிலிருந்து எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஐயாவின் வண்டி

என் ஐயாவிடம் ஒரு ரெட்டைமாட்டு வண்டி இருந்தது. நான் பார்க்கும்போது அது ஓடவில்லை, கொட்டகையில் முன்பக்கம் குப்புறச் சாய்ந்து கிடந்தது. கோழிகள் அதில் அடை படுத்தன. ஆனால் அது செய்யப்பட்ட கதையை அவர் வருடத்துக்கு இரண்டு முறையாவது சொல்லிவிடுவார். கண்மாய்க் கரையில் முற்றிய கருவேலமாகப் பார்த்து வெட்டி, பட்டையை உரித்து, கட்டைகளை மாதக் கணக்கில் கண்மாய்ச் சேற்றில் ஊறப் போட்டார்களாம். ஊறிய கட்டையைப் பூச்சி தொடாது, வெடிக்காது. அதற்குப் பிறகு நிழலில் காயவிட்டு, அப்புறம்தான் ஆசாரியின் பட்டறைக்கு. நடுவில் குடம், அதிலிருந்து ஆரக்கால்கள், சுற்றிலும் வட்டை. ஐயாவின் பேச்சில் வட்டைதான் கதாநாயகன். “கருவேலத்துல ஆளு உசரத்துக்கு நேரா ஒரு கட்டை தேடினா கெடைக்காது. அது வளைஞ்சுதான் வளரும். வட்டைக்கு வளைஞ்ச துண்டுதானே வேணும்!” என்பார். வரட்டியை வட்டமாக அடுக்கித் தீ மூட்டி, இரும்புப் பட்டையைப் பழுக்கக் காய்ச்சி, நாலு பேர் இடுக்கியால் தூக்கிச் சக்கரத்தின் மேல் இறக்கி, மரம் தீப்பற்றுவதற்குள் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவார்கள். இரும்பு சுருங்கும்போது சக்கரம் முழுக்க ‘நறநற’ என்று ஒரு சத்தம் வரும் என்று அவர் பல்லைக் கடித்துக் காட்டுவார்.

செட்டிநாட்டு வீடுகளைப் பற்றிப் பேசும் எல்லோரும் பர்மாத் தேக்கில் ஆரம்பித்து ஆத்தங்குடிக் கல்லில் முடிப்பார்கள். அதில் தப்பில்லை, கண்ணுக்குத் தெரிவது அதுதான். ஆனால் தேக்கு கப்பலில் வந்தது துறைமுகம் வரைக்கும்தான். அங்கிருந்து வாசல் வரை உத்தரங்களை இழுத்து வந்த வண்டிகளின் சக்கரம், நுகத்தடி, வயலில் கலப்பை, அடுப்படியில் விறகு, இவற்றில் எத்தனை கருவேலம் என்று யாரும் கணக்கு எடுக்கப் போவதில்லை. முகப்பில் நிற்கிற தூணுக்குப் பெயர் உண்டு. உழைத்துத் தேய்ந்த கட்டைக்குப் பெயர் கிடையாது, இல்லையென்றால் அதையும் தேக்கு என்று விற்றுவிடுவார்கள்.

ஐயா சொன்ன அந்த ‘வளைந்த துண்டு’ விஷயம் எனக்குப் பல வருடம் கழித்து எதிர்பாராத இடத்தில் திரும்பக் கிடைத்தது. இந்த மரத்தின் தாவரவியல் பெயரில் ‘நிலோட்டிகா’ என்று இருக்கிறது. நைல் நதிக்காரன் என்று பொருள். லின்னேயஸ் 1753-ல் வைத்த பெயர். ஆப்பிரிக்கப் புல்வெளிகளிலிருந்து அரேபியா வழியாக நம் நாடு வரைக்கும் இது பிறந்த மண்தான். ஆக எகிப்தியர்களும் நம்மைப் போலவே இதை வைத்துப் பிழைத்தவர்கள். கி.மு. 5-ஆம் நூற்றாண்டில் எகிப்தைச் சுற்றிப் பார்த்த கிரேக்கரான ஹெரோடோட்டஸ், அங்கே சரக்குப் படகு கட்டும் விதத்தை எழுதி வைத்திருக்கிறார். பிசின் வடியும் ஒரு முள்மரத்தை வெட்டி, இரண்டு முழ நீளப் பலகைகளாக்கி, செங்கல் அடுக்குவது போல அடுக்கிக் கட்டுகிறார்கள் என்கிறார். நீளமான கப்பலுக்கு இவ்வளவு குட்டிப் பலகையா என்று பலருக்குச் சந்தேகம். அலெக்சாந்திரியா பக்கம் கடலில் மூழ்கிக் கிடக்கும் தோனிஸ்-ஹெராக்ளியோன் துறைமுகத்தில் கிடைத்த ஒரு கப்பல் ஏறக்குறைய அவர் சொன்னபடியே இருந்தது என்று 2019-ல் செய்தி வந்தது. அதைப் படித்தபோது எனக்கு ஆச்சரியம் வரவில்லை, சிரிப்புதான் வந்தது. அந்த மரத்தில் இரண்டு முழத்துக்கு மேல் நேராக என்ன கிடைக்கும்? நைல் கரை ஆசாரிக்கும் எங்கள் ஊர் ஆசாரிக்கும் ஒரே தலைவலி.

வேல் என்றால் வேம்பு இல்லை

ஐயாவுக்குச் சக்கரம் என்றால் அப்பத்தாவுக்குப் பல். கடைசி வரை முறுக்கு கடித்தவர். காலையில் கருவேலங்குச்சியை ஒடித்து, முள்ளைச் சீவி, நுனியை மென்று தூரிகையாக்கிக்கொண்டு அரைமணி நேரம் ஊர்க்கதை பேசுவார். ஈறு வீங்கினால் பட்டையைக் கொதிக்க வைத்து அந்தத் தண்ணீரில் வாய் கொப்பளிப்பார். பட்டையில் 12 முதல் 20 சதவீதம் வரை டானின் இருக்கிறது. வாயை இறுக்கிப் பிடிக்கும் துவர்ப்பு அதனால்தான். தோலைப் பதப்படுத்தவும் அதே சரக்குதான். தெற்கே தோல் மண்டிகள் ஆவாரம்பட்டையை நம்பியிருந்தபோது வடக்கே கான்பூர் பக்கம் கருவேலம்பட்டையை நம்பியிருந்தார்கள். ஈறும் தோல்தானே என்று அப்பத்தாவிடம் சொல்லியிருந்தால் தலையில் குட்டியிருப்பார்.

‘ஆலும் வேலும் பல்லுக்குறுதி’ என்பதில் வேல் என்பது இந்த வேல்தான். இணையத்தில் யாரைக் கேட்டாலும் வேம்பு என்கிறார்கள். பற்பசை விளம்பரத்திலிருந்து பட்டிமன்றம் வரை வேம்பு. வேம்பு பல்லுக்கு நல்லதுதான், அதில் எனக்கு வழக்கு இல்லை. ஆனால் சொல்லில் இருக்கிற மரத்தை எடுத்துவிட்டு வேறு மரத்தை வைப்பது எப்படி இவ்வளவு சுலபமாக நடந்தது என்று யோசித்தால், காரணம் எளிதாகத் தெரிகிறது. கருவேலம் நல்லது என்று ஒரு பழமொழி சொல்ல முடியும் என்பதையே இன்று யாரும் நம்பத் தயாராக இல்லை. அதனால் பழமொழியைத் திருத்திக்கொண்டார்கள்.

எங்களுக்கு, அதாவது அந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு, அந்த மரம் ஒரு கடைத்தெரு. பனையோலைக் காற்றாடி குத்த அதன் முள். வெள்ளை வெளேரென்று இரண்டிரண்டாக நிற்கும். தீப்பெட்டிக்குள் வளர்க்கும் பொன்வண்டு அதில்தான் பிடிப்போம், அதன் இலையைத்தான் தீனி போடுவோம். வெட்டுப்பட்ட இடத்தில் பிசின் தேன் நிறத்தில் உருண்டு நிற்கும். பாதியைத் தின்போம், மீதியைத் தண்ணீரில் கரைத்து நோட்டு அட்டை ஒட்டுவோம். (மதுரை ஜிகர்தண்டாவில் மிதப்பது இது என்று ஒருவர் என்னிடம் சத்தியம் செய்தார். இல்லை, அது பாதாம்பிசின்.) காய் இருக்கிறதே, அதுதான் அழகு. விதைக்கு விதை இடுப்பு சிறுத்து, மேலே சாம்பல் பூத்த மாதிரி மெல்லிய ரோமத்தோடு, மணி கோத்த சரம் போலவே தொங்கும். அக்காமார் அதைக் காலில் கட்டிக் கொலுசு என்பார்கள். மழைக்காலத்தையொட்டிப் பூக்கும். மஞ்சள் பஞ்சு உருண்டைகள், ஒவ்வொன்றும் ஒரு கொண்டைக்கடலை அளவு. தூரத்திலிருந்து பார்த்தால் முள்மரத்துக்கு மஞ்சள் தடவிக் குளிப்பாட்டியது போல இருக்கும். சீமைக் கருவேலத்தின் பூ வேறு, வெளிறிய திரி மாதிரி நீளமாக இருக்கும். அதன் காயும் இடுப்பில்லாமல் நேராக இருக்கும். இந்த வித்தியாசம் எட்டு வயதில் எனக்குத் தெரிந்திருந்தது. நாற்பது வயதில் மறந்திருந்தேன் என்று சொல்ல முடியாது. பார்க்காமல் இருந்தேன்.

முப்பத்தோராவது நொடி

2017 மாசி. முந்தின வருடம் வடகிழக்குப் பருவமழை அடியோடு பொய்த்திருந்தது. கண்மாய் வெடித்துக் கிடந்தது. நீர்நிலைகளில் சீமைக் கருவேலத்தை அகற்றச் சொல்லி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவு போட்டதும், மாவட்டம் மாவட்டமாக ஜேசிபி இறங்கியது. எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவில் சென்னை, கோவை, சிங்கப்பூர் என்று சிதறிக் கிடந்த எல்லோருக்கும் திடீரென்று ஊர்ப்பற்று வந்தது. எனக்கும் வந்தது. 5,000 ரூபாய் அனுப்பினேன். குழுவில் என் பெயரைப் போட்டு இரண்டு கைகூப்பு வந்தது, அதில் ஒரு சின்ன சந்தோஷம்கூட.

மறுநாள் மதியம் வீடியோ வந்தது. நாற்பது நொடி. புழுதி, மஞ்சள் இயந்திரம், பின்னணியில் யாரோ “நம்ம கண்மாய் சுத்தமாகுது சொந்தங்களே” என்கிறார். அலுவலகத்தில் ஒரு கூட்டத்தின் நடுவே மேசைக்கு அடியில் வைத்துப் பார்த்தேன். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு மூடிவிட்டேன். இரவு சாப்பிடும்போது மகளிடம் பெருமையாகக் காட்டினேன், பார், உங்கப்பா காசு என்று. அவளுக்கு இயந்திரத்தில் ஆர்வமில்லை. “அப்பா, அந்த ஆடெல்லாம் ஏன் அங்க ஓடுது?” என்றாள்.

திரும்ப ஓட்டிப் பார்த்தேன். முப்பத்தோராவது நொடியில் கரைமேல் ஒரு பெரிய மரம் சாய்கிறது. அது தரையில் விழுந்த கணத்தில், இயந்திரத்தின் சத்தத்தையும் புழுதியையும் பொருட்படுத்தாமல், ஓரமாக நின்ற ஆடுகள் எல்லாம் அதை நோக்கிப் பாய்கின்றன. அதுவரை ஏக்கர் கணக்கில் சீமைக் கருவேலம் விழுந்துகொண்டிருந்தது, ஒரு ஆடும் திரும்பிப் பார்க்கவில்லை. அதன் இலையை ஆடு தொடாது. இந்த மரத்துக்கு மட்டும் ஏன் ஓடுகின்றன? படத்தை நிறுத்திப் பெரிதாக்கினேன். கிளைகளில் மணி மணியாகக் காய்.

ஊர் ஊராக ஆட்டுக்கிடை போடும் கீதாரிகளுக்கு மாசி, பங்குனியில் அந்தக் காய்தான் தீவனம். புல் காய்ந்த பிறகு, துறட்டியால் ஒரு கிளையை உலுக்கினால் கீழே நெற்று கொட்டும், கிடை ஆடுகள் பொறுக்கித் தின்று பால் சுரக்கும். அந்த வருடப் பஞ்சத்தில் ஆடுகளுக்கு மிச்சமிருந்த பந்தி அதுதான். அந்தப் பந்தியின் இலையைக் கவிழ்த்துத்தான் நான் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருந்தேன்.

சித்தப்பாவுக்குப் போன் செய்தேன். ராத்திரி பத்து மணி, தூங்கிவிட்டிருந்தார்.

“ஆமாப்பா, கரைமேல நின்ன ஏழும் போச்சு” என்றார்.

“நீங்க அங்கதானே சித்தப்பா நின்னீங்க?”

“நின்னேன். கருவேலத்த வெட்டணும், கருவேலத்த வெட்டணும்னுதானே நீங்க எல்லாரும் போட்டீங்க. மெஷின்காரன் வெளியூர்க்காரன். அவன் கேட்டான், ‘இது கருவேலம்தானே?’ன்னு. ஆமாங்கிறதா, இல்லைங்கிறதா?”

இந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. அந்த ஏழு மரத்தையும் மற்றதோடு சேர்த்து எடை போட்டு விறகுக்குக் கொடுத்துவிட்டார்கள். ஐயா வண்டிக்கு வெட்டிய மரத்தின் தூரிலிருந்து கிளைத்தது அதில் ஒன்று என்று சித்தப்பா அப்புறம் சொன்னார். அதைச் சொல்லாமலே இருந்திருக்கலாம்.

சீமை போய், நாடு வந்து

அதற்குப் பிறகு இந்தச் சொல்லைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன். ஆதியில் கருவேலம் என்றால் கருவேலம்தான், அடைமொழி கிடையாது. 1870-களின் இறுதியில் அன்றைய சென்னை மாகாணத்துக்கு ஜமைக்காவிலிருந்து விதை தருவித்து, கடப்பைப் பக்கம் விறகுக்காக ஒரு புது மரம் நட்டார்கள். (காமராஜர் காலத்தில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது என்று உங்கள் குழுவிலும் ஒருவர் போட்டிருப்பார். இல்லை.) கடல் கடந்து வந்ததெல்லாம் நமக்குச் சீமைதான்: சீமை எண்ணெய், சீமைப் பசு, சீமை ஓடு. அப்படி இது சீமைக் கருவேலம் ஆனது. அது பெருகிப் பெருகி, பழைய மரத்துக்கு அடையாளம் தேவைப்பட்டு ‘நாட்டு’ என்று முன்னொட்டு வந்தது. இன்னும் பெருகியதும் புதியது தன் ‘சீமை’யை உதறிவிட்டு வெறும் கருவேலமாகிவிட்டது. கோழி கதையும் இதேதான். இன்று கோழி என்று கேட்டால் பிராய்லர் தருவார்கள், ஊரில் மேய்ந்ததை வாங்க நாட்டுக்கோழி என்று தனியாகக் கேட்க வேண்டும். கோழிக்கடையில் இது விலை வித்தியாசத்தோடு போகிறது. கண்மாய்க் கரையில் அந்த ஒரு சொல் விட்டுப்போனதில் ஏழு மரம் போனது.

கண்மாய்க்கும் கருவேலத்துக்கும் இருக்கிற உறவு தெரிந்தவர்களுக்கு இது இரட்டை வேதனை. தண்ணீரில் மாதக் கணக்கில் நின்றாலும் அழுகாத மரம் இது. அதனால்தான் 1981-ல் ஸ்வீடன் நாட்டு உதவியோடு தமிழ்நாட்டில் சமூகக் காடு வளர்ப்புத் திட்டம் வந்தபோது, கண்மாய்களின் உள்வாயில் நட்டது பெரும்பாலும் இதைத்தான். காரைக்குடியிலிருந்து மேலூர் வழியாக மதுரை போகிறவர்கள் வழியில் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தில் ஒருமுறை இறங்கிப் பார்க்கலாம். 1977-ல் அறிவித்தது. மழை பெய்த வருடத்தில் தண்ணீருக்குள் நிற்கும் கருவேல மரங்களில் நத்தைகுத்தி நாரையும் அரிவாள்மூக்கனும் கிளைக்குக் கிளை கூடு கட்டியிருக்கும். முள் இருப்பதால் கூட்டுக்குக் காவல் இலவசம். பறவைகள் பயந்துவிடும் என்று பக்கத்துக் கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. அங்கே போய் இது கருவேலம்தானே என்று யாராவது ஜேசிபியோடு கேட்டால் என்ன நடக்கும் என்று சில சமயம் நினைத்துக்கொள்வேன்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, நம்ம மரம் நல்ல மரம், சீமை மரம் கெட்ட மரம் என்று முடித்துவிட்டால் எனக்கும் நிம்மதியாக இருந்திருக்கும். ஒரு காலத்தில் முடித்தும் வைத்திருந்தேன். கெடுத்தது ஆஸ்திரேலியா.

1890-களில் குவின்ஸ்லாந்துக்காரர்கள் நம் கருவேலத்தைக் கொண்டுபோனார்கள். இந்தியாவில் வளரும் இனம்தான், பெயரிலேயே ‘இண்டிகா’ என்று இருக்கிறது. மரமே இல்லாத புல்வெளியில் செம்மறிகளுக்கு நிழல் வேண்டும், காய் வேண்டும். 1926-ல் அரசாங்கமே நடச் சொல்லிப் பரிந்துரைத்தது. அப்புறம் மழை நன்றாகப் பெய்த வருடங்கள் வந்தன. செம்மறியை விட்டு மாடு வளர்க்கப் போனார்கள். மாடு காயைத் தின்று, விதையை முழுதாகவே சாணியில் போட்டுக்கொண்டு ஊர் ஊராக நடந்தது. 1957-ல் அதே மரத்தைத் தீய களை என்று அறிவித்தார்கள். இன்று 60 லட்சம் ஹெக்டேருக்கு மேல் பரவிக் கிடக்கிறது, புல் முளைப்பதில்லை, நீர்த்துறைகளை முள் அடைத்துக்கொண்டிருக்கிறது. ஜாவாவில் பாலுரான் தேசியப் பூங்காவிலும் இதே கதை. 1969 வாக்கில் காட்டுத்தீ பரவாமல் இருக்க வேலியாக நட்டார்கள், அது காட்டுமாடு மேயும் புல்வெளிக்குள் புகுந்து அதை முள்காடாக்கிவிட்டது. சிவகங்கை, ராமநாதபுரத்தில் நாம் சீமைக் கருவேலத்தைத் திட்டுகிற ஒவ்வொரு வசவையும் அங்கே அவர்கள் நம் கருவேலத்தைத் திட்டுகிறார்கள். அவர்களுக்கு இதுதான் சீமை மரம்.

இன்னொன்று கேளுங்கள். இதைத் தின்னும் பூச்சியைத் தேடி ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் தமிழ்நாட்டுக்கே வந்தார்கள். கோயம்புத்தூரில் இருக்கும் வன மரபியல் நிறுவனத்தோடு சேர்ந்து, நம் ஊர் மரங்களில் எந்தப் பூச்சி எதைக் கடிக்கிறது என்று கணக்கெடுத்தார்கள். அதைவிட வேடிக்கை பெயர் விவகாரம். ‘அக்கேசியா’ என்ற பெயர் இந்த மரத்தின் குடும்பத்துக்கே சொந்தமாக இருந்தது. 2005-ல் வியன்னாவில் கூடிய தாவரவியல் மாநாடு அந்தப் பெயரை ஆஸ்திரேலிய மரங்களுக்குக் கொடுத்தது, 2011-ல் மெல்பர்னில் அதை உறுதியும் செய்தார்கள். நம்முடையது ‘வச்செல்லியா’ ஆனது. மரத்தைக் களை என்றும் சொல்லிவிட்டு, பெயரையும் எடுத்துக்கொண்டார்கள். இந்த மரத்துக்குப் பெயர் ராசியே கிடையாது.

சித்தப்பாவிடம் இதையெல்லாம் சொன்னேன். அவர் ஆஸ்திரேலியாவுக்கு ஒரு நிமிடம்கூட ஒதுக்கவில்லை. “அங்க கிடை இருக்கா? பட்டறை இருக்கா? குச்சி ஒடிக்க ஆளிருக்கா? ஒடிக்க ஆளில்லாத எடத்துல எதுவும் காடாத்தான் போகும்” என்றார். அப்புறம், கொஞ்சம் தயங்கி, “சீமக்கருவேலத்த நீ சும்மா திட்டாத. உன் தங்கச்சி காலேஜுக்குக் கட்டினது பூராம் அதுல மூட்டம் போட்டு எடுத்த கரிக்காசுதான்” என்றார். அது எனக்குத் தெரியாது. அந்தக் கல்லூரியில் அவள் சேர்ந்த நாளில் நான் ஒரு பேனா வாங்கிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

ஆடு நடும்

மூன்று வருடத்துக்கு முன்பு ஆடி மாதம் ஊருக்குப் போனபோது, போன ஏழுக்கு ஏழாவது வைப்போம் என்று விதை தேடினேன். கடினமான தோல், சும்மா போட்டால் முளைக்காது, வெந்நீரில் போட வேண்டும் என்று படித்திருந்தேன். கண்மாய்க்குள் கிடை போட்டிருந்த கீதாரி ஒருவரிடம் விதை கிடைக்குமா என்று கேட்டபோது அவர் சிரித்தார். “வெந்நி எதுக்குத் தம்பி? பட்டியக் கூட்டி அள்ளிட்டுப் போங்க. ராத்திரி அசைபோடும்போது துப்புனது, புழுக்கையில வந்தது, எல்லாம் வெந்த வெதைதான்.” ஒரு சாக்கு அள்ளினேன். கரையின் உட்சரிவில் முழ ஆழம் குழி எடுத்துப் போட்டதில் பதினொன்று முளைத்தது. மகள் வந்து எண்ணினாள். காற்றாடி செய்து காட்டலாம் என்று பார்த்தேன், முள் இன்னும் பிஞ்சு, ஓலையிலேயே வளைந்துவிட்டது.

அடுத்த வருடம் வரத்துக்காலைச் சுத்தம் செய்ய வந்தவர்கள் எட்டை அரிந்துவிட்டார்கள். கருவேலங்கன்று என்று பார்த்ததும் அரிவாள் தானாகப் போயிருக்கிறது. யாரையும் குறை சொல்ல முடியவில்லை. பலகை எழுதி வைக்கலாமா என்று கேட்டேன், ‘இது நாட்டுக் கருவேலம், வெட்டாதீர்கள்’ என்று. சித்தப்பா அதற்கும் சிரித்தார். பேசாமல் வீட்டுக்குள் போய் ஒரு கல்யாண மஞ்சப்பையை எடுத்து வந்து, நீளவாக்கில் மூன்று துண்டாகக் கிழித்தார். மிச்சம் இருந்த மூன்று கன்றிலும் ஆளுக்கொன்றாகக் கட்டினார். ஒன்றில் மாப்பிள்ளை பெயரின் பாதி, இன்னொன்றில் மண்டபத்தின் பெயர். “கேட்டா கருப்பருக்கு நேந்து விட்டதுன்னு சொல்லிருவோம்” என்றார்.

போன வாரம் அவர் ஒரு படம் அனுப்பியிருந்தார். நடுக்கன்று ஆள் உயரம் வந்துவிட்டது. வெயிலில் வெளுத்த மஞ்சள் துணி இன்னும் கழுத்தில் தொங்குகிறது. மேல்கிளையில் இரண்டு பூ. தூரில் யாரோ ஒரு எலுமிச்சம்பழத்தை அறுத்துக் குங்குமம் தடவி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.